அந்தக் கோப்பைப் பூட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் கணினியில் விபிஎன் (இணையத்தின் வழியே போடும் மறையாக்கிய தனிப்பாதை) இணைந்த பிறகு இணையதளங்கள் திறக்கவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டதற்கு, உங்கள் கணினிப் பக்கத்தில் மூன்று வரியில் பதில் தந்திருந்தீர்கள். ஈடிசி அடைவில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 என்று எழுதவும், அது மறுபடி மாறாமலிருக்க சிஎச்-ஆட்டர் கட்டளையால் பூட்டவும், புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6-ஐ அணைக்கவும் என்பது அந்தப் பதில். இந்த மூன்றையும் செய்தால் அன்றைக்குத் தளங்கள் திறக்கும் என்பது உண்மைதான். அடுத்த வாரம் அலுவலகச் சர்வரின் பெயர் கிடைக்காது, ரயில் நிலைய வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வராது. அப்போது யாருக்கும் இந்தப் பூட்டு நினைவிலிருக்காது.

அச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டளையில் வரும் இரண்டு சிறு கோடுகள் உங்கள் பக்க வடிவமைப்பில் ஒரே நீளக் கோடாக ஒட்டிக்கொண்டிருந்தன. நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாகியிருந்தது. பார்த்து அப்படியே தட்டச்சு செய்தவருக்குப் பிழைச் செய்திதான் மிஞ்சியிருக்கும். அதனால் இந்தக் கடிதத்தில் கட்டளைகளின் பெயரைத் தமிழில் உச்சரிப்பாக மட்டும் தருகிறேன். முழு வடிவம் வேண்டுவோர், கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் 'மேன்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, அந்தக் கட்டளையின் பெயரைத் தந்தால் கணினியிலேயே கையேடு திறக்கும்.

முதலில் அந்தக் கோப்பு. தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்ற எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்க வேண்டும் என்று சொல்வது அது. முன்பு அதைக் கையால் எழுதினோம். இப்போது உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் அது வேறொரு கோப்பைக் காட்டும் குறுக்குச்சுட்டி மட்டுமே. சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற சேவை கணினிக்குள்ளேயே 127.0.0.53 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாக் கேள்வியும் அதனிடம் போகும். வைஃபைக்கு ஒரு டிஎன்எஸ், விபிஎன்னுக்கு வேறு டிஎன்எஸ் என்று அது தனித்தனியாகக் கணக்கு வைத்து, அலுவலகப் பெயரை அலுவலகத்திடமும் மற்றதை வீட்டு ரவுட்டரிடமும் கேட்கும். குறுக்குச்சுட்டியை அழித்து, அந்த இடத்தில் சாதாரணக் கோப்பை வைத்து 8.8.8.8 என்று எழுதிப் பூட்டினால் இந்தக் கணக்கு முழுவதும் ஒதுங்கிவிடுகிறது. கூகுளின் டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் அலுவலகத்தின் உள் சர்வர் பெயர் எப்படித் தெரியும்? ரயில் நிலையம், விமான நிலைய வைஃபையிலும் இதே கதைதான். அங்கே ஓடிபி கேட்கும் பக்கம் பெரும்பாலும் அந்த வைஃபையின் சொந்த டிஎன்எஸ் வழியாகவே வருகிறது. டிஎன்எஸ்ஸை நாமே ஆணி அடித்து வைத்தால் அந்தப் பக்கம் வராமலே போகலாம்.

உண்மையான நிலவரத்தைப் பார்க்க ரிசால்வ்-சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ற கட்டளை போதும். ஒவ்வொரு இணைப்புக்கும் எந்த டிஎன்எஸ், எந்த டொமைன் என்று வரிசையாகக் காட்டும். விபிஎன் இடைமுகத்துக்கு (விபிஎன்னுக்காகக் கணினியில் உருவாகும் இணைப்பு முனைக்கு) கீழே டிஎன்எஸ் முகவரி எதுவும் இல்லையென்றால் கோளாறு அங்கேதான். முகவரி இருந்தும் கேள்வி வைஃபை வழியாகப் போனால், முன்னுரிமையில் சிக்கல்.

அந்த முன்னுரிமையை மாற்றுமிடம், இணைப்புகளை நிர்வகிக்கும் சேவையான நெட்வொர்க்மேனேஜர். அதன் இணைப்பு விவரத்தில் ஐபிவி4.டிஎன்எஸ்-பிரயாரிட்டி என்ற மதிப்பு இருக்கிறது. விபிஎன்னுக்கு இயல்பாக 50, மற்ற இணைப்புகளுக்கு 100. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. கழித்தல் எண் கொடுத்தால், அதைவிடப் பெரிய எண் உள்ள இணைப்புகளின் டிஎன்எஸ் முழுவதும் விலக்கப்படும். ஆகவே எல்லாப் பெயர்களும் விபிஎன் வழியாகவே போக வேண்டுமென்றால், என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மாடிஃபை கட்டளையில் விபிஎன் இணைப்பின் பெயரைச் சொல்லி இந்த மதிப்பைக் கழித்தல் 50 என்று வையுங்கள். விபிஎன்னை இறக்கி மறுபடி ஏற்றுங்கள். அலுவலகப் பெயர்கள் மட்டும் போனால் போதும் என்பவர்கள் எண்ணைத் தொட வேண்டாம். டிஎன்எஸ்-சர்ச் என்ற இடத்தில் அலுவலக டொமைனை, முன்னால் ஓர் அலைக்குறி (டில்டே) வைத்து எழுதினால் போதும். எந்தக் கோப்பையும் பூட்ட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் முன்பு இன்னொன்றைப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கணினியில் வலையமைப்பை ஆள்வது யார்? லினக்ஸில் ஒரே வேலைக்கு நான்கு மேஸ்திரிகள் உண்டு. பெரும்பாலான மேசைக் கணினிகளில் நெட்வொர்க்மேனேஜர். உபுண்டு சர்வரில் அமைப்பை நெட்பிளான் எழுதிக் கொடுக்க, சிஸ்டம்டி-நெட்வொர்க்டி வேலையைச் செய்யும். பழைய டெபியன் வழியில் ஈடிசி நெட்வொர்க் அடைவின் இன்டர்ஃபேசஸ் கோப்பு. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் எந்த மேஸ்திரிக்கு எழுதியவை என்று சொல்வதே இல்லை. என்எம்சிஎல்ஐ டிவைஸ் என்று கேளுங்கள். வைஃபை கார்டுக்கு நேராக 'அன்மேனேஜ்ட்' என்று வந்தால், அது வேறொருவர் கையில் இருக்கிறது என்று பொருள். டெபியனில் பெரும்பாலும் காரணம், இன்டர்ஃபேசஸ் கோப்பில் அந்தக் கார்டின் பெயர் இருப்பதுதான். அங்கே பெயரைக் கண்டால் நெட்வொர்க்மேனேஜர் ஒதுங்கிக்கொள்ளும். லூப்பேக் (கணினி தன்னோடு தானே பேசும் இணைப்பு) வரிகளை விட்டுவிட்டு, அந்தக் கார்டின் வரிகளின் முன்னால் # குறி போட்டுச் சேவையை மறுபடி தொடங்கினால் கார்டு கைக்கு வரும். சென்னை சி-டாக் உருவாக்கும் பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். இதே சோதனை அதற்கும் பொருந்தும்.

நெட்பிளான் கோப்பில் இடைவெளிதான் இலக்கணம். ஒரு இடத்தில் டேப் விசையை அழுத்தியிருந்தாலும் கோப்பு முழுவதும் செல்லாது. தொலைவிலுள்ள சர்வரில் மாற்றம் செய்பவர்கள் நெட்பிளான் அப்ளை என்று அடித்துவிட்டு இணைப்பு அறுந்து விழிப்பது வாடிக்கை. நெட்பிளான் ட்ரை என்று அடியுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் என்டர் தட்டவில்லையென்றால் பழைய அமைப்புக்கே தானாகத் திரும்பிவிடும்.

வைஃபையே தெரியவில்லை என்ற புகாருக்கு இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளையில் சாஃப்ட் பிளாக்ட், ஹார்ட் பிளாக்ட் என்ற வரிகளுக்கு நேராக 'எஸ்' என்று வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை, ஆனாலும் கார்டைக் காணோம் என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) இல்லை. டெபியன் 12-க்கு முந்தைய அதிகாரப்பூர்வ நிறுவிகளில் அது சேர்ந்து வராது. கைப்பேசியை யுஎஸ்பி வடத்தில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெத்தரிங் போட்டு, ஃபர்ம்வேர் தொகுப்பை இறக்கிக்கொள்ளலாம். அந்த யுஎஸ்பி இணைப்பை லினக்ஸ் கம்பி இணைப்பாகவே நினைக்கும். பாதையின் முன்னுரிமை எண்ணான மெட்ரிக், கம்பிக்கு 100, வைஃபைக்கு 600. இங்கும் சிறிய எண்ணே வெல்லும். வைஃபை சரியான பிறகும் வடத்தைக் கழற்றாமல் விட்டால், எல்லாத் தரவும் கைப்பேசியிலிருந்துதான் போய்க்கொண்டிருக்கும்.

இனி விபிஎன். அலுவலகத்திலிருந்து ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருளுக்கான கோப்பு தந்தால், டெர்மினலில் நேரடியாக ஓட்டுவதைவிட நெட்வொர்க்மேனேஜரில் இறக்குமதி செய்வதே நல்லது. டெபியன், உபுண்டுவில் அதற்கு நெட்வொர்க்-மேனேஜர்-ஓப்பன்விபிஎன் தொகுப்பும், ஜினோம் பயன்படுத்துவோருக்கு அதே பெயரின் இறுதியில் ஜினோம் என்று முடியும் இன்னொரு தொகுப்பும் வேண்டும். இரண்டாவது இல்லாததால்தான் பலருக்கு அமைப்புகள் பக்கத்தில் 'ஓப்பன்விபிஎன்' என்ற வகையே காட்டுவதில்லை. இறக்குமதி ஏன் நல்லது? 2.4, 2.5, 2.6 பதிப்புகளில், டெர்மினலில் ஓட்டும் ஓப்பன்விபிஎன், சர்வர் அனுப்பும் டிஎன்எஸ் முகவரியை வாங்கிக்கொள்ளும்; தனி ஸ்கிரிப்ட் ஒன்றைச் சுட்டிக்காட்டாவிட்டால் கணினியில் அதை அமல்படுத்தாது. டன்னல் என்கிற விபிஎன் பாதை எழும், பெயர்கள் மட்டும் வீட்டு ரவுட்டர் வழியாகவே போகும். உங்கள் வாசகருக்குத் திறக்காதவை அலுவலகத் தளங்கள் என்றால், காரணம் அநேகமாக இதுதான். நெட்வொர்க்மேனேஜர் அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸுக்காக எழுதிய கோப்பில் பிளாக்-அவுட்சைட்-டிஎன்எஸ் என்று ஒரு வரி இருக்கும். லினக்ஸ் டெர்மினலில் அந்த ஒரு வரிக்காகவே ஓப்பன்விபிஎன் தொடங்க மறுக்கும்; அதை நீக்கினால் ஓடும். இன்னொன்று, பழைய சர்வர்கள். பிஎஃப்-சிபிசி என்ற புளோஃபிஷ் மறையாக்கத்தை 2.6 பதிப்பு இயல்பாக ஏற்பதில்லை. மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அதைப் பழையவற்றின் மூலையில் தள்ளிவிட்டது. நேற்று வரை இணைந்தது, உபுண்டுவைப் புதுப்பித்ததும் இணையவில்லை என்பதற்கு இதுவே முக்கியக் காரணம். நம் பக்கம் டேட்டா-சைஃபர்ஸ் வரியில் பழையதைச் சேர்த்து, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் அந்தப் பழைய மூலையையும் திறந்துவிட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் சர்வரில் ஏஇஎஸ்-256-ஜிசிஎம் என்ற மறையாக்கத்தை இயக்கச் சொல்லி அலுவலகத்தில் கேட்பதே முறை. இன்னும் பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறையில் ஓடும் அலுவலகம் என்றால், சமாளிக்கவே முயல வேண்டாம். அதன் கடவுச்சொல் பரிமாற்றத்தை உடைக்கும் வழி 2012-லேயே பகிரங்கமாகிவிட்டது.

வயர்கார்ட் என்ற இன்னொரு விபிஎன் முறை, 2020 மார்ச்சில் வந்த 5.6 கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்துவிட்டது. நெட்வொர்க்மேனேஜருக்கு 1.16 பதிப்பிலிருந்து அது தெரியும். தனிச் செருகி தேவையில்லை. என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் இம்போர்ட் என்று அடித்து, வகை வயர்கார்ட் என்றும் கோப்பின் பெயரையும் தந்தால் முடிந்தது. மூன்று இடங்களில் தடுக்கும். கோப்பின் பெயரே இடைமுகத்தின் பெயராகும் என்பதால், நீட்டிப்பை விட்டு 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அலுவலகத்தின் முழுப் பெயரையும் ஊரையும் சேர்த்து வைத்தால் ஏற்காது. இறக்குமதி ஆன நொடியே அது தானாக இணைந்துகொள்ளும். தொலைவிலிருந்து செய்பவர்கள் கவனம். அடுத்தது, கோப்பில் போஸ்ட்அப் என்று தொடங்கும் வரிகளை நெட்வொர்க்மேனேஜர் பொருட்படுத்தாது. தீச்சுவர் விதிகளை அதில் எழுதியிருந்தால் அவை மௌனமாகக் காணாமல் போகும்.

வயர்கார்டின் குணமே மௌனம்தான். சாவி தவறானாலும், 51820 போர்ட் மூடியிருந்தாலும், சர்வர் அணைந்தே கிடந்தாலும் உங்கள் கணினியில் 'இணைந்தது' என்றே காட்டும். இணைப்பு என்று அது சொல்வது இடைமுகம் எழுந்ததை மட்டும். சூடோ (நிர்வாகி உரிமை) சேர்த்து, சூடோ டபிள்யூஜி ஷோ என்று அடித்து, லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் (கடைசிக் கைகுலுக்கல்) என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் மறுமுனை ஒருமுறைகூடப் பதில் தரவில்லை. தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும்; மூன்று நிமிடத்தைத் தாண்டி நிற்கிறதென்றால் பாதை அறுந்திருக்கிறது. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர்கள் பர்சிஸ்டென்ட்-கீப்அலைவ் மதிப்பை 25 என்று வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் ரவுட்டர் அந்தப் பாதையை மறந்துவிடும்.

அலவ்ட்-ஐபிஸ் என்ற வரியைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெயரைப் பார்த்தால் அனுமதிப் பட்டியல் போலிருக்கும். அது பாதையும்கூட. அதில் எழுதிய முகவரிகளுக்கான போக்குவரத்து மட்டுமே டன்னலுக்குள் போகும். அந்த முகவரிகளிலிருந்து வருவதை மட்டுமே டன்னல் ஏற்கும். எல்லாம் போக வேண்டுமென்றால், ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் குறிக்கும் 0.0.0.0/0 என்பதோடு ஐபிவி6-க்கான இரட்டை முக்காற்புள்ளி/0 என்பதையும் எழுத வேண்டும். முதலாவதை மட்டும் எழுதினால் பாதி வீடு திறந்து கிடக்கிறது. ஜியோ போன்ற நிறுவனங்களின் இணைப்பில் ஐபிவி6 தான் முதன்மை. கூகுள், ஃபேஸ்புக் முதலிய தளங்களுக்கு இரண்டு முகவரியும் உண்டு. உலாவி ஐபிவி6-ஐயே முதலில் முயலும். ஐபிவி4 மட்டும் அறிந்த விபிஎன்னைச் சுற்றிக்கொண்டு அது நேராக வெளியே போகும்.

இதைத் தடுக்கத்தான் ஐபிவி6-ஐ அணைக்கச் சொன்னீர்கள் என்று புரிகிறது. ஆனால் கணினி முழுவதும் அணைத்தால், விபிஎன் இல்லாத நேரத்திலும் அது இருக்காது. அதோடு நம் வீடுகளில் பலருக்குப் பொது ஐபிவி4 முகவரியே கிடையாது. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பங்கிட்டுத் தருகிறது என்று அறியலாம். வீட்டில் வயர்கார்ட் சர்வர் வைத்து வெளியிலிருந்து இணைய நினைப்பவர்களுக்கு அங்கே ஐபிவி4-இல் வழியில்லை. ஐபிவி6 ஒன்றே நேர்வழி. அதையும் அடைக்கச் சொல்கிறது உங்கள் பக்கம். விபிஎன் சர்வருக்கு ஐபிவி6 இல்லாவிட்டாலும், அந்த இரட்டை முக்காற்புள்ளி/0-ஐ எழுதி, டன்னல் இடைமுகத்துக்கு ஒரு ஐபிவி6 முகவரியும் தந்தால் போக்கு டன்னலுக்குள் நுழைந்து அங்கேயே நின்றுவிடும். வெளியே கசியாது.

பாதையைச் சோதிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐபி ரவுட் என்று மட்டும் கேட்டால், வயர்கார்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகும் பழைய ரவுட்டர் வழியையே இயல்பு வழியாகக் காட்டும். வேறொரு பாதை அட்டவணையில் அது எழுதியிருக்கும்; அந்தக் கட்டளை முதன்மை அட்டவணையை மட்டுமே படிக்கிறது. 'விபிஎன் வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டி, கையால் இன்னொரு பாதையைச் சேர்ப்பவர்கள் ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுக்கிறார்கள். ஐபி ரவுட் கெட் 8.8.8.8 என்று கேளுங்கள். இந்த முகவரிக்கு உண்மையில் எந்த இடைமுகம் வழியாகப் போவேன் என்று கெர்னலே சொல்லும்.

நம் ஊரில் மிக அதிகமாக வரும் சிக்கல் முகவரி மோதல். வீட்டு ரவுட்டர்களில் பல 192.168.1.1 என்றே வருகின்றன. சிறு அலுவலகங்களும் அதே ரவுட்டரை அதே எண்ணோடு மாட்டிவைக்கின்றன. கணக்குக் கணினி அலுவலகத்தில் 192.168.1.10, வீட்டு அச்சுப்பொறியும் 192.168.1.10. விபிஎன் எழுந்ததும் 192.168.1.0/24 என்ற ஒரே தெருவுக்கு இரண்டு பாதை. நெட்வொர்க்மேனேஜரில் விபிஎன்னின் மெட்ரிக் 50, வைஃபைக்கு 600, விபிஎன் வெல்லும். வீட்டு அச்சுப்பொறி மறையும். அது போகட்டும். கணினியின் டிஎன்எஸ் 192.168.1.1 என்று இருந்தால், பெயர் கேட்கும் பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) வீட்டு ரவுட்டருக்குப் போகாமல் அலுவலகத்துக்குப் போய், அங்கே அதே எண்ணில் இருக்கும் வேறொரு பெட்டியைத் தட்டும். அது பதில் தரலாம், தராமலும் போகலாம். இணையம் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ஓடவில்லை என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது. 8.8.8.8 போட்டதும் சரியானது போலத் தோன்றுவதும் இதனால்தான். அலுவலகப் பாதையில் அந்த எண் இல்லை, அவ்வளவே.

மருந்து ரவுட்டரில் இருக்கிறது. வீட்டு ரவுட்டரின் லேன் பக்கத்தில் 192.168.1.1 என்பதை 192.168.73.1 என்பதுபோல யாரும் வைக்காத எண்ணாக மாற்றி, ரவுட்டரையும் சாதனங்களையும் அணைத்து இயக்கினால் போதும். ஐந்து நிமிட வேலை. அலுவலகத்தில் புதிதாக அமைப்பவர்கள் 10-இல் தொடங்கும் எண்களில், நடுவிலுள்ள ஏதாவது ஒன்றைத் தேர்ந்தால் பின்னால் ஐம்பது பேர் வீட்டு ரவுட்டரைத் திருத்த வேண்டியிருக்காது. மென்பொருள் துறையினர், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரையும் பார்க்க வேண்டும்: அது 172.17.0.0/16-ஐ எடுத்துக்கொள்ளும். அலுவலக வலையமைப்பு அதே எண்ணில் இருந்தால், அந்தச் சர்வர்கள் மட்டும் கிடைக்காது.

அடுத்தது, பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகிறது ஆனால் பக்கம் திறக்கவில்லை என்ற கோளாறு. தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் நுழைய முடியும். நீளமான பட்டியல் ஒன்றைக் கேட்டதும் திரை உறையும். சிறிய பாக்கெட் நுழைந்து பெரியது சிக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, அதாவது எம்டியு, ஈதர்நெட்டில் 1500 பைட். பிஎஸ்என்எல் ஃபைபர் போன்ற, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் எட்டு பைட் அதற்கே போய், 1492. வயர்கார்ட் தன் உறைக்கு, வெளிப்பாதை ஐபிவி4 என்றால் 60 பைட், ஐபிவி6 என்றால் 80 பைட் எடுக்கும். இயல்பான 1420 என்ற எண் 1500-இல் 80 கழித்து வந்தது. 1492 உள்ள வீட்டில் சர்வரை ஐபிவி4 வழியாக எட்டினால் 1420-உம் 60-உம் 1480, நுழைந்துவிடும். அதே சர்வரை ஐபிவி6 வழியாக எட்டினால் 1500, நுழையாது. சர்வரின் பெயருக்கு இரண்டு முகவரியும் இருந்தால், ஒரு நாள் ஓடி மறுநாள் ஓடாமல் போவதன் ரகசியம் இதுதான்.

டபிள்யூஜி-குவிக் என்ற கட்டளை அப்போதைய பாதையைப் பார்த்து எம்டியுவைத் தானே கணக்கிடும். நெட்வொர்க்மேனேஜர் அப்படிப் பார்ப்பதில்லை. இயல்பு எண்ணையே போடும். அதனால் ஒரே கோப்பு டெர்மினலில் ஓடி, இறக்குமதி செய்ததும் உறைவதும் உண்டு. அளந்து பார்க்க, விபிஎன்னை இறக்கிவிட்டு, துண்டாக்கத் தடை போடும் எம் டூ (எண் இரண்டு அல்ல, 'செய்' என்னும் ஆங்கிலச் சொல்) விருப்பத்தோடு 1472 அளவில் சர்வருக்குப் பிங் அனுப்புங்கள். தலைப்பு 28 பைட்டும் சேர்ந்து 1500. போகவில்லையா, 1464. அது போனால் உங்கள் பாதை 1492. வயர்கார்ட் இணைப்பின் எம்டியுவை 1412 என்று எழுதுங்கள். கைப்பேசி டெத்தரிங்கில் ஐபிவி4 பாக்கெட் வழியில் ஐபிவி6-ஆக மாற்றப்பட்டு இன்னும் இருபது பைட் வீங்குவதும் உண்டு. அங்கே அளந்துகொண்டிருக்காமல் 1280 என்று வைப்பது மேல். ஐபிவி6 அனுமதிக்கும் மிகச் சிறிய அளவு அதுதான். அதற்குக் கீழே போக வேண்டாம். ஓப்பன்விபிஎன்னில் இதே வேலைக்கு எம்எஸ்எஸ்-ஃபிக்ஸ் மதிப்பு. 1360 வைத்துப் பாருங்கள். இதற்கும் டிஎன்எஸ்ஸுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் வயர்கார்ட் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐந்துக்கு முந்தைய பை பலகைகளில் கடிகாரச் சில்லு இல்லை. மின்சாரம் போய் வந்ததும், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து பை எண்ணத் தொடங்கும். வயர்கார்ட் கைகுலுக்கலில் நேர முத்திரை உண்டு. முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையைச் சர்வர் ஏற்காது. நேரத்தைத் திருத்தும் என்டிபி கேள்வியும் டன்னலுக்குள்ளேயே போகும்படி வைத்திருந்தால், நேரம் சரியாக டன்னல் வேண்டும், டன்னல் எழ நேரம் வேண்டும். டைம்-சிங்க் முடிந்த பிறகே வயர்கார்ட் சேவை தொடங்கும்படி வரிசை வைத்தால் இந்த முடிச்சு விழாது.

அனுமதி விஷயம். எதற்கெடுத்தாலும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போடச் சொல்லும் பழக்கம் இணையத்தில் பரவிக் கிடக்கிறது. விபிஎன் கோப்பில் உங்கள் தனிச் சாவி அப்படியே எழுத்தில் இருக்கிறது. அதனால்தான் நெட்வொர்க்மேனேஜர் தன் இணைப்புக் கோப்புகள் நிர்வாகியான ரூட் பெயரிலும் 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) அனுமதியிலும் இருந்தால் மட்டுமே படிக்கிறது. 777 போட்டால் அடுத்த முறை அந்த இணைப்பே பட்டியலில் காணாது.

விபிஎன் விற்கும் நிறுவனங்கள் பற்றியும் வாசகர்கள் கேட்கிறார்கள். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, அவை வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 25 முதல் அமல். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை அந்த ஆணை வந்ததை அடுத்து இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. ஊழியர்களுக்காக அலுவலகம் நடத்தும் விபிஎன் அந்த விதிக்குள் வராது என்று செர்ட்-இன் தன் விளக்கத்திலேயே சொல்லிவிட்டது. எனவே வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு இணைபவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

கடைசியாக, உங்கள் பதிலைப் படித்துக் கோப்பைப் பூட்டியவர்களுக்கு. சிஎச்-ஆட்டர் கட்டளையில் கூட்டல் ஐ போட்ட இடத்தில் கழித்தல் ஐ போட்டு, சூடோவோடு அதே கோப்பின் மீது ஓட்டுங்கள், பூட்டு திறக்கும். உபுண்டு, ஃபெடோராவில் அந்தக் கோப்பை அழித்துவிட்டு, ரன் அடைவின் சிஸ்டம்டி, அதற்குள் ரிசால்வ் (இந்த அடைவின் பெயரில் மட்டும் இறுதியில் ஆங்கில 'ஈ' எழுத்து உண்டு), அதற்குள் உள்ள ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃப் கோப்புக்கு எல்என் கட்டளையின் எஸ் விருப்பத்தால் குறுக்குச்சுட்டி போடுங்கள். ரிசால்வ்ட் சேவை இல்லாத டெபியனில் இது வேண்டாம். பூட்டைத் திறந்தால் போதும், நெட்வொர்க்மேனேஜரே கோப்பைப் புதிதாக எழுதிக்கொள்ளும். சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பிலும், சிஸ்சிடிஎல்.டி அடைவிலும் டிசேபிள்-ஐபிவி6 என்ற வரி இருந்தால் நீக்குங்கள். கணினியை ஒருமுறை அணைத்து இயக்கி, ரிசால்வ்-சிடிஎல் ஸ்டேட்டஸில் வைஃபைக்கு நேராக ரவுட்டரின் முகவரி வருகிறதா என்று பார்த்த பிறகு விபிஎன்னை ஏற்றுங்கள். இந்தப் பத்தியை மட்டுமாவது அதே கணினிப் பக்கத்தில், முந்தைய பதிலின் திருத்தம் என்று குறிப்பிட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
லினக்ஸ் வலையமைப்புப் பராமரிப்பாளர்,
கோயம்புத்தூர்